பத்திக்கு முன்பாகப் படிக்க வேண்டியது



வாழ்நாள் முழுதும் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த ஓர் ஆசிரியரின் பெயரால் நடக்கும் சொற்பொழிவு இது. இலக்கியத் தலைப்பு எதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். நான் கேட்டு வாங்கிய தலைப்பு வேறு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுகளில் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, அதன் கீழே கேள்வி கேட்கிறார்களே, காம்ப்ரிஹென்ஷன் என்று நாம் எல்லோரும் சொல்கிற அந்தப் பகுதி, அதற்கு நம் பிள்ளைகள் எப்படித் தயாராவது என்பதுதான் இன்றைய பொருள். தமிழ்வழியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் வரலாற்றிலும் பொருளியலிலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இந்த ஒரு பகுதியில் சறுக்கி விழுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அந்த வருத்தம்தான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது.

நுழைவுத் தேர்வே வேண்டுமா என்ற கேள்வி நமக்குப் பழையது. தொழிற்கல்விச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கூடாது என்று 2006ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வு 2022இல் அறிமுகமானபோது, அந்த ஏப்ரலிலேயே நம் சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை ஒரு மணி நேரத்தில் அளந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க, அடுத்த மே மாதம் தேர்வுக்கூடத்துக்குப் போகிற பிள்ளையால் முடியாது. திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி என்று எங்கே இளநிலைப் பட்டம் படிக்க ஆசைப்பட்டாலும் க்யூட் எழுத வேண்டியிருக்கிறது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலோ பெங்களூரு சட்டப் பள்ளியிலோ சேர வேண்டுமென்றால் கிளாட் எழுத வேண்டும்.

இந்த இரண்டும் என்ன கேட்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். க்யூட் ஆங்கிலத் தாளில் இப்போது 50 கேள்விகள், 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். தகவல் பத்தி, கதைப்போக்குள்ள பத்தி, இலக்கியப் பத்தி என்று மூன்று வகை. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 300, 350 சொற்கள் என்கிறது பாடத்திட்டம். மீதிக் கேள்விகள் சொற்பொருள், எதிர்ச்சொல், கலைந்த வாக்கியத்தை வரிசைப்படுத்துதல் போன்றவை. மற்றப் பாடங்களைத் தமிழிலேயே எழுதும் வாய்ப்பும் க்யூட்டில் உண்டு என்பதால், ஆங்கிலம் அங்கே ஒரு தாளோடு நிற்கிறது.

கிளாட் அப்படிப்பட்டதன்று. 2008இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2020இல் அடியோடு மாறியது. இப்போது 120 கேள்வி, 120 நிமிடம். ஆங்கிலம் என்று பெயர் போட்ட பகுதியில் 22 முதல் 26 கேள்விகள்தாம். ஆனால் சட்டம், தர்க்கம், நடப்புச் செய்தி என்று எந்தப் பகுதிக்குப் போனாலும் முதலில் ஒரு பத்தி நிற்கும். கணக்குக்குக்கூட ஒரு தகவல் குறிப்பைப் படித்தாக வேண்டும். ஆங்கிலப் பத்தியைப் படிக்கத் தெரியாதவருக்கு அங்கே எந்தப் பகுதியும் இல்லை. தேர்வும் முழுக்க ஆங்கிலத்திலேயே நடக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளாட் பத்தி ஏறத்தாழ 450 சொற்கள் என்கிறார்கள். அதன் கீழ் ஐந்து கேள்வி என்று வைத்துக்கொண்டால், கேள்விக்கு ஒரு நிமிட வீதம் ஐந்து நிமிடம் கிடைக்கும். ஆங்கிலம் படிக்கும் வேகம் பற்றி அதுவரை வந்த 190 ஆய்வுகளை மார்க் பிரிஸ்பார்ட் என்ற பெல்ஜிய உளவியலாளர் 2019இல் தொகுத்தார். வளர்ந்தவர்கள் கட்டுரை வகை எழுத்தை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று கண்டார். அந்த வேகத்தில் 450 சொற்களுக்கு இரண்டு நிமிடம் போதும். மூன்று நிமிடம் யோசிக்கக் கிடைக்கும். நம் பிள்ளை நிமிடத்துக்கு 120 சொல் படிக்கிறது என்றால் படித்து முடிக்கவே நான்கு நிமிடம் ஆகிவிடும். ஐந்து கேள்விக்கும் சேர்த்து ஒரு நிமிடம். அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை, விடையும் தெரிந்திருக்கலாம். யோசிக்கத்தான் நேரமில்லை.

உடனே பெற்றோர்கள் வேக வாசிப்புப் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் கோச்சிங் சென்டரைத் தேடிப் போகிறார்கள். தயவுசெய்து அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். கண் அசைவை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவரான கீத் ரேனரும் அவருடைய சகாக்களும் இதைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரை 2016இல் வெளியானது. வேகத்தைப் பெருமளவு கூட்டினால் புரிதல் குறைகிறது. இரண்டையும் ஒருசேரக் கூட்டும் குறுக்குவழி கிடையாது. படிக்கும்போது கண் வரியில் தவ்வித் தவ்விச் செல்கிறது. ஒவ்வொரு இடத்திலும் கால் விநாடி போலத் தங்கி அடுத்த இடத்துக்குப் போகிறது. கண்ணைப் பழக்கி வேகத்தைக் கூட்டுகிற இடம் இது இல்லை. சொல்லை அடையாளம் கண்டு பொருளைச் சேர்க்கிற மூளைதான் நேரம் எடுத்துக்கொள்கிறது. பார்த்ததும் தெரிகிற சொல்லாக இருந்தால் வேகம் தானாக வரும். எனவே வேகம் குறைவு என்ற பிரச்சினையின் பெரும்பகுதி சொல் தெரியவில்லை என்ற பிரச்சினைதான்.

எத்தனை சொல் தெரிய வேண்டும்? நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குச் செலவிட்டவர். பிறர் உதவியில்லாமல் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள அதில் உள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவரும் ஹூ என்ற ஆய்வாளரும் 2000இல் சொன்ன முடிவு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். 450 சொல் பத்தியில் ஒன்பது. அதற்கு மேல் போனால் தெரியாத சொல்லை ஊகிக்கக்கூட இடமில்லாமல் போய்விடுகிறது, ஏனென்றால் ஊகிக்க உதவும் பக்கத்துச் சொல்லும் தெரியாத சொல்லாக இருக்கும். நாளிதழும் நாவலும் இந்த 98 விழுக்காட்டுக்குள் வர எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள், தெரிந்திருக்க வேண்டும் என்று 2006இல் அவர் கணக்கிட்டுச் சொன்னார்.

இந்த இடத்தில் தமிழ்நாடு முழுவதும் ஆசிரியர்கள் சொல்லும் ஓர் அறிவுரையை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. இங்கிலீஷ் வரணும்னா தினமும் இந்து பேப்பர் தலையங்கம் படி, என்று சொல்கிறோம். நல்ல நாளிதழ், நல்ல ஆங்கிலம், எல்லாம் சரி. ஆனால் இரண்டாயிரம் சொல் அறிந்த பிள்ளையிடம் அந்தத் தலையங்கத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? வரிக்கு ஓரிரு சொல் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டி, பென்சிலால் மேலே எழுதி, கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும். ஒரு வாரம் செய்துவிட்டு, எனக்கு ஆங்கிலம் வராது என்ற முடிவுக்கு அந்தப் பிள்ளை வந்துவிடும். அந்த முடிவை நாம்தாம் அவர்கள் கையில் கொடுத்தோம்.

இதை நூறாண்டுக்கு முன்பே ஒருவர் கண்டு சொல்லியிருக்கிறார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வி அதிகாரி டாக்காவில் பணியாற்றியவர். வங்காளச் சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாமாகப் படிக்க முடியாமல் இருப்பதைப் பார்த்தார். இவர்களுக்கு முதல் தேவை ஆங்கிலத்தில் படிக்கத் தெரிவதுதான், பேச்சு பிறகு வரலாம், என்று 1926இல் வெளியான தம் நூலில் வாதாடினார். பாடநூல்களில் புதுச் சொல் மிக நெருக்கமாக வருகிறது, வந்த சொல் மறுபடி வருவதில்லை என்பது அவர் கண்ட குறை. புதுச் சொல்லை இடைவெளி விட்டு அறிமுகப்படுத்தி, அறிமுகமானதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் வாசகங்களைத் தயாரித்தார். அடிக்கடி வரும் ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களை அவர் தொகுத்த பட்டியல் 1953இல் அச்சாகி உலகம் முழுதும் போனது. டாக்காவின் வகுப்பறையில் கிடைத்த பாடம் அது. நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகளைப் பார்த்து எழுந்த சிந்தனை நம் பள்ளிகளுக்கு மட்டும் ஏனோ வந்து சேரவில்லை.

ஆகவே, எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்வது இது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திற. நூறு சொல் எண்ணு. தெரியாதவை இரண்டு மூன்று என்றால் இது உன் புத்தகம். ஐந்தைத் தாண்டினால் இப்போதைக்கு மூடிவை, அடுத்த ஆண்டு திறக்கலாம். பிளஸ் ஒன் படிக்கும் மாணவிக்கு ஏழாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடம்தான் இப்படிப் பொருந்துகிறது என்றால் அங்கிருந்தே தொடங்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. டிங்கிள் சிறுவர் இதழைப் படிக்கட்டும். அடுத்து ஆர். கே. நாராயணின் சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ். 1935இல் வந்த அந்த நாவலில் வாக்கியம் சின்னது. பள்ளிக்கூடம், கிரிக்கெட், அப்பாவிடம் பயம், பாட்டி என்று எல்லாம் நம் வீட்டு விஷயம். அதை முடித்தவர் அதே ஆசிரியரின் அடுத்த நாவலுக்குப் போகலாம். ஒரே ஆசிரியரைத் தொடர்ந்து படித்தால் அவருடைய சொற்கள் திரும்பத் திரும்ப வரும். வெஸ்ட் செயற்கையாக உண்டாக்கியது அங்கே இயல்பாகக் கிடைக்கிறது. தலையங்கம் ஓராண்டு கழித்து வரட்டும்.

இதுவரை சொன்னது சொல்லைப் பற்றி. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் வருகிறது.

1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேர். பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை வர்ணிக்கும் பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குபவர்கள், குறைவாக வாங்குபவர்கள் என்று ஒரு பிரிவு. ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள், அறியாதவர்கள் என்று இன்னொரு பிரிவு. யார் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்? ஆட்டம் தெரிந்தவர்கள். வாசிப்பில் பின்தங்கியவர் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள்கூட, ஆட்டம் தெரிந்திருந்தால், ஆட்டம் தெரியாத ‘நல்ல வாசகர்’களை முந்திவிட்டார்கள்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். மாநிலங்களுக்கிடையே நதிநீர்த் தகராறு பற்றி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்ட நுழைவுத் தேர்வில் வரக்கூடிய பொருள்தான். தஞ்சை மாவட்டத்தில் கடைமடைக் கிராமத்தில் இருந்து ஒரு மாணவி. காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது, இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது, கர்நாடகம் தர வேண்டிய 192 டிஎம்சியை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் 177.25 ஆகக் குறைத்தது, இதெல்லாம் அவள் வீட்டில் காப்பி குடிக்கும்போது பேசப்படுகிற விஷயம். தமிழ் நாளிதழில் படித்திருப்பாள். மேலே இருக்கும் மாநிலத்துக்கும் கீழே இருக்கும் மாநிலத்துக்கும் உரிமை எப்படி மோதுகிறது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நடுவர் மன்றம், நீர்ப்பங்கீடு, இடைக்கால உத்தரவு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் முதல்முறையாகக் கண்ணில் பட்டாலும் அவை எதைக் குறிக்கின்றன என்று பத்தியின் போக்கிலேயே பிடித்துவிடுவாள். பெருநகரத்தில் ஆங்கிலவழியில் படித்து, காவிரியைப் பற்றி எதுவும் கேட்டிராத ஒருவரைவிட அந்த ஒரு பத்தியில் அவளுக்கே வாய்ப்பு அதிகம்.

தமிழில் அறிந்தது ஆங்கிலத்தில் படிக்கும்போது வீணாகாது. இதைத்தான் பெற்றோர்கள் நம்ப மறுக்கிறார்கள். தேர்வு ஆங்கிலத்தில் என்றதும் தமிழ்ப் பேப்பரை நிறுத்திவிடுகிறார்கள், கதைப் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கிறார்கள். இது பெரிய இழப்பு. பணவீக்கம் என்றால் என்ன, ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தினால் வீட்டுக் கடனுக்கு என்ன ஆகிறது, சதுப்புநிலம் ஏன் வேண்டும், கூட்டாட்சி என்றால் என்ன, தடுப்பூசி உடலுக்குள் என்ன செய்கிறது, இவற்றை ஒரு பிள்ளை தமிழில் ஒருமுறை நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டால், ஆங்கிலப் பத்தியில் அதற்கு மிச்சமிருப்பது சொல்லும் வாக்கியமும்தான். பொருளும் புதிது, மொழியும் புதிது என்று இரண்டு சுமையையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொல்வதால்தான் பிள்ளை திணறுகிறது.

இதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அயல்மொழியில் வாசிக்கத் திணறுவது வாசிப்புக் குறையா, மொழிக் குறையா என்ற கேள்வியை 1984இல் சார்லஸ் ஆல்டர்சன் எழுப்பினார். மொழியறிவு ஒரு மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை தாய்மொழியில் எவ்வளவு நல்ல வாசகராக இருந்தாலும் அந்தத் திறமை இங்கே கைகொடுப்பதில்லை என்பதை அதைத் தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. அடிப்படைச் சொல்லும் இலக்கணமும் இல்லாமல் காவிரி அறிவு மட்டும் கரைசேர்க்காது. அந்த மட்டத்தைத் தாண்டிய பிறகு தமிழில் படித்தது எல்லாம் ஒன்றாகத் துணைக்கு வரும்.

அந்த மட்டத்தைத் தாண்டுவதில் வாக்கிய அமைப்பு பெரிய இடைஞ்சல். பிள்ளைகள் சொல்லும் குறை ஒன்று உண்டு: “ஒவ்வொரு வார்த்தையும் தெரியுது சார், சென்டென்ஸ்தான் புரியல.” காரணம் இருக்கிறது. தமிழில், குழு கொடுத்த, அரசு ஏற்க மறுத்த அறிக்கை வெளியானது என்கிறோம். அடைமொழியெல்லாம் பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது. பெயர் வந்ததும் வினை வந்து முடிந்துவிடுகிறது. ஆங்கிலம் அறிக்கையை முதலில் சொல்லும். பிறகு அதைக் குழு கொடுத்தது, அரசு ஏற்க மறுத்தது என்று வரிசையாகத் தொங்கவிட்டு, இரண்டு வரி தாண்டி வெளியானது என்ற வினையைச் சொல்லும். அதற்குள் எழுவாய் மறந்துபோகிறது. பக்கத்தில் இருக்கும் அரசுதான் வெளியானது என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. நீண்ட வாக்கியம் வந்தால் எழுவாயின் கீழே ஒரு கோடு, அதற்குரிய முற்றுவினையின் கீழே ஒரு கோடு போடுங்கள். ஹூ, விச், தட் என்று தொடங்கும் பகுதிகளை முதல் வாசிப்பில் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுங்கள். கணினித் தேர்வில் கோடு போட முடியாது. வீட்டில் காகிதத்தில் போட்டுப் போட்டுப் பழகியவருக்கு அங்கே கண்ணே போட்டுக்கொள்ளும். ஆல்தோ, அன்லெஸ், ஹவெவர், டெஸ்பைட் போன்ற இணைப்புச் சொற்களை ஐயமறப் படித்துவையுங்கள். நான் பார்த்த தவறான விடைகளில் கணிசமானவை, இத்தகைய ஒரு சிறு சொல்லைக் கவனிக்காததால் கருத்தே தலைகீழானவை.

இனி கேள்விகளுக்கு வருவோம். பள்ளித் தேர்வில் பத்திக் கேள்விக்கு எப்படி விடை எழுதுகிறோம்? கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடுகிறோம், கண்டதும் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுகிறோம். புரியாமலே முழு மதிப்பெண் வாங்கலாம். நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்கள் இந்தப் பழக்கத்தோடு வருவார்கள் என்பது வினா தயாரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வகுப்பில் பயன்படுத்த நானே எழுதிய ஒரு பத்தியின் சாரத்தைச் சொல்கிறேன். ஒரு நகராட்சி மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. ஓராண்டு ஆயிற்று. கடைகளில் பை குறைந்துவிட்டது, மழைநீர் வடிகால் அடைப்பு மட்டும் குறையவில்லை. தடை தோற்றுவிட்டது என்று சிலர் எழுதினார்கள். கட்டுரையாளர் சொல்கிறார்: வடிகாலில் கிடப்பது பல ஆண்டுக் குப்பை; தடையால் புதிய பை வருவது நிற்குமே தவிர, கிடப்பதை அள்ள ஆள் வேண்டும்; தடை வந்த அதே ஆண்டில் வடிகால் தூர்வாரும் நிதியை நகராட்சி குறைத்துவிட்டது.

தடையைப் பற்றிக் கட்டுரையாளரின் கருத்து என்ன என்பது கேள்வி. நான்கு விடைகள் கொடுத்தேன். வடிகால் அடைப்பு குறையாததால் தடை தோல்வியடைந்தது என்பது ஒன்று. பிளாஸ்டிக் பைகள் கால்நடைகளுக்கும் மண்ணுக்கும் கேடு விளைவிப்பவை என்பது அடுத்தது. போதிய நிதி ஒதுக்கினால் எந்தத் தடையும் எப்போதும் வெற்றி பெறும் என்பது மூன்றாவது. ஒரு நடவடிக்கை எதைச் செய்ய வந்ததோ அதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும் என்பது கடைசி.

வகுப்பில் பெரும்பாலோர் முதல் விடைக்குத்தான் கை தூக்கினார்கள். அதில் உள்ள சொற்கள் எல்லாம் பத்தியில் இருக்கின்றனவே! ஆனால் அது கட்டுரையாளர் மறுக்கிற கருத்து. எதிராளியின் வாதத்தைக் கட்டுரையாளர் எடுத்துச் சொல்லும் இடத்தை அவருடைய சொந்தக் கருத்தாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவது உலகத்துக்கு உண்மை, பத்தியில் இல்லை. பொது அறிவு நிறைந்த பிள்ளைகள் விழுகிற இடம் இதுதான். சற்றுமுன் தமிழில் அறிந்தது துணைக்கு வரும் என்றேன் அல்லவா, அது பத்தியைப் புரிந்துகொள்வதற்கு. விடையைப் பத்தியிலிருந்தே எடுக்க வேண்டும். மூன்றாவதில் ‘எந்த’, ‘எப்போதும்’ என்ற இரண்டு சொல் கட்டுரையாளர் சொன்னதைத் தாண்டிப் போய்விட்டன. நான்காவதில் தடை, வடிகால், நகராட்சி என்று பத்தியில் வந்த பெயர் எதுவுமே இல்லை. சரியான விடை அதுதான்.

இந்த ஒரு பயிற்சியை நான் முப்பது மாதிரித் தாளைவிட மேலாக நினைக்கிறேன். ஒரு பத்தியை எடுத்துப் பிள்ளைகளையே நான்கு விடை தயாரிக்கச் சொல்லுங்கள். ஒன்று சரி, ஒன்று பத்தியின் சொல்லை எடுத்துப் பொருளைத் திரிப்பது, ஒன்று பத்திக்கு வெளியே உள்ள உண்மை, ஒன்று அளவு மீறியது. ஏமாற்றும் விடையைத் தானே எழுதிப் பார்த்தவரை அதே வகை விடை எளிதில் ஏமாற்றாது. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் தீர்க்கட்டும். வகுப்பில் சத்தம் வரும், வரட்டும். தென்னிந்தியப் பள்ளிகளில் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய முயற்சியை ஆசிரிய நண்பர்கள் அறிந்திருப்பீர்கள். இலக்கண விதியைச் சொல்லித்தராமல் ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் எப்போது சேரலாம் என்று யோசிக்கவைத்தார். பொருளைத் தேடி மூளை வேலை செய்யும்போது மொழி உள்ளே போகிறது என்பது அவர் நம்பிக்கை. க்யூட்டின் தகவல் பத்திக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

மதிப்பெண் குறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தெரியாவிட்டால் தொடாதே என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறோம். கணக்கு வேறு சொல்கிறது. க்யூட்டில் நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூடச் சராசரியாக அரை மதிப்பெண் லாபம். ஒரு விடை தவறு என்று உறுதியாகத் தெரிந்து அதை விலக்கிவிட்டால் லாபம் ஒரு மதிப்பெண் ஆகிறது. கிளாட்டில் சரிக்கு 1, தவறுக்குக் கால் குறையும். அங்கும் ஒன்றை விலக்க முடிந்தால் எழுதுவதே மேல். பத்தியைப் படித்து நேரம் செலவிட்ட பிறகு கேள்வியை விட்டுவிட்டுப் போவது வீண். படிக்காத பத்திக்கு நேரம் ஒதுக்குவதா வேண்டாமா என்பதைத்தான் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஆசிரியர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் 1980இல் வார்விக் எலி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் வகுப்புக்கு 250 கதைப் புத்தகம் கொடுத்து, படிக்க நேரமும் கொடுத்தார்கள். ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகள். ஓராண்டில், வழக்கமான பாடமுறையில் படித்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வாசிப்பில் முன்னேறினார்கள். 250 புத்தகம் நம்மால் முடியாத காரியம் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. பள்ளிப் பீரோவில் பூட்டிக் கிடக்கும் புத்தகமும் இருக்கிறது. புத்தகம் கிழிந்துவிடும் என்று பயப்படாதீர்கள், கிழியட்டும். வாரத்தில் இரண்டு பாடவேளை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து, கேள்வி கேட்காமல், நோட்டில் எழுதச் சொல்லாமல், சும்மா படிக்க விடுங்கள். பிளஸ் டூ வந்தபின் கோச்சிங் சென்டரில் மூன்று மாதத்தில் நாம் ஈடுகட்டப் பார்ப்பது, அந்தப் படிக்காத நான்கு ஆண்டுகளைத்தான்.

எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு போய்விட்டதே என்று முன்வரிசைப் பிள்ளைகள் கேட்பது முகத்திலேயே தெரிகிறது. உங்களுக்கு ஏழெட்டு மாதம் இருக்கிறது. காலையில் தமிழ் நாளிதழில் ஒரு விஷயத்தை நன்றாகப் படியுங்கள். மாலையில் அதே விஷயத்தை ஆங்கிலத்தில், எளிய நடையில் கிடைக்கும் இடத்தில் படியுங்கள். இரவில் கால் மணி நேரம் கதை, உங்கள் மட்டத்துக்கு ஏற்ற கதை. என்சிஇஆர்டி ஆங்கிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் உள்ள பத்திகள் க்யூட்டுக்கு நெருக்கமானவை. பழைய வினாத்தாளை வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் போடாதீர்கள். போட்டதை மறுநாள் உட்கார்ந்து பாருங்கள். தாள் எழுத ஒரு மணி என்றால் திருத்திப் பார்க்க இரண்டு மணி. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: சொல் தெரியாததால் போனதா, வாக்கியம் பிடிபடாமல் போனதா, பொருள் தெரியாததால் போனதா, ஏமாற்று விடையில் விழுந்ததா, நேரம் போதாமல் போனதா. மூன்று வாரத்தில் உங்கள் தவறுகள் எந்தப் பக்கம் குவிகின்றன என்று அந்த நோட்டு காட்டிவிடும். மேற்கொண்டு எதைப் படிப்பது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை மாலைகளில் இந்தக் கல்லூரி நூலகத்தில்தான் இருப்பேன்; தமிழ்வழியா ஆங்கிலவழியா, எந்தப் பள்ளி என்றெல்லாம் கேட்க மாட்டேன், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.